கூப்பனில் வாங்கினாலும் அது காசுதான்!



ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து, 2020-இல் ஓய்வு பெற்றவன் நான். படித்தது டிப்ளமா. வக்கீலும் இல்லை, வியாபாரியும் இல்லை. இவர் ஏன் சட்டம் பேச வந்தார் என்று நீங்கள் கேட்கலாம். வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் அதன் விதிப்புத்தகத்தைப் படி என்பதுதான். ஓய்வுக்குப் பிறகு விதிப்புத்தகங்களுக்கு விடை கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு மிக்ஸி ஒன்று மறுபடியும் அவற்றைப் படிக்க வைத்துவிட்டது. அதில் தெரிந்துகொண்டதைச் சங்கக் குடும்பங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

மிக்ஸி வந்த கதை

நாங்கள் கல்யாணில் குடியிருக்கிறோம். மாத மளிகையை என் மனைவி பக்கத்திலுள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வாங்குவது வழக்கம். அந்தக் கடையில் 100 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு பாயிண்ட். ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய்க்குச் சமம். சேர்ந்த பாயிண்டுகளைக் கூப்பனாக மாற்றித் தருவார்கள். அதை வைத்து அதே கடையில் பொருள் வாங்கலாம்.

என் மனைவி கூப்பனைத் தொடாமல் சேர்த்து வைத்தாள். 1,200 ரூபாய் சேர்ந்ததும், பழைய மிக்ஸி ஓய்ந்துபோனதும் ஒரே சமயத்தில் அமைந்தன. மாதம் 27-ஆம் தேதி கடைக்குப் போனோம். மிக்ஸி 4,500 ரூபாய். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சேர்ந்து 1,500 ரூபாய். ஆக மொத்த பில் 6,000. இதில் கூப்பன் 1,200 போக, 4,800 ரூபாயை வங்கி அட்டையில் செலுத்தினோம். கூப்பன் 30-ஆம் தேதியோடு காலாவதி ஆகிறது, நல்ல வேளை பயன்படுத்திவிட்டோம் என்று மனைவிக்கு ஏக சந்தோஷம்.

மூன்றாவது முறை சட்னி அரைக்கும்போது மிக்ஸியிலிருந்து கருகிய வாடை வந்தது. அதன்பின் மோட்டார் ஓடவே இல்லை. மறு மாதம் 2-ஆம் தேதி மனைவியும் மருமகளும் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்த பையன் பில்லைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது கூப்பனில் வாங்கிய பொருள். 4,500-இல் கூப்பன் 1,200-ஐக் கழித்து 3,300 ரூபாய் தருகிறேன். கூப்பன் திரும்பி வராது. அதன் தேதியும் முடிந்துவிட்டது" என்று இந்தியில் சொல்லியிருக்கிறான். இருவரும் பணத்தை வாங்காமல், பொருளையும் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டார்கள்.

"ஏங்க, 3,300-ஐ வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமா? கூப்பன் சும்மா வந்ததுதானே. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்றாள் மனைவி.

அந்தப் பழமொழிதான் என்னை யோசிக்க வைத்தது. இந்த மாடு உண்மையிலேயே தானமாக வந்ததா?

கூப்பன் இலவசமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்றால், 1,200 ரூபாய் கூப்பன் சேர 1,20,000 ரூபாய்க்கு மளிகை வாங்கியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாதம் சுமார் 8,000 ரூபாய் மளிகை. ஆக, அது 15 மாத மளிகை! நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரிக்காமல், 15 மாதம் ஒரே கடைக்குப் போனதற்குக் கிடைத்த கூலி என்றே அதைச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாமல் இருக்கத்தான் கடைகள் இந்த ஏற்பாட்டைச் செய்கின்றன. அதன் செலவை விற்பனை விலையில் எங்கேயாவது சேர்க்காமல் எந்த வியாபாரமும் நடக்காது.

இந்த ஏற்பாடு புதியதும் அல்ல. அமெரிக்காவில் 1896-லேயே ஒரு நிறுவனம் கடைகள் மூலம் ஸ்டாம்பு கொடுக்க ஆரம்பித்தது. அதைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்துக் கொடுத்தால் பொருள் கிடைக்கும். பிரிட்டனில் 1960-களில் பச்சை நிற ஸ்டாம்புகள் வீட்டுக்கு வீடு புழங்கின. அங்கே 1964-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். ஒவ்வொரு ஸ்டாம்பிலும் அதன் பண மதிப்பை அச்சிட வேண்டும், ஸ்டாம்பு கொடுத்து வாங்கிய பொருளுக்கும் தரத்திற்கான உறுதி உண்டு என்று அந்தச் சட்டம் சொன்னது. அது வேறு நாட்டுச் சட்டம், நமக்குச் செல்லாது. ஆனால் ஸ்டாம்பு கொடுத்து வாங்கினாலும் வாங்கியவர் வாங்கியவரே என்ற கருத்தைக் கவனியுங்கள்.

நம் நாட்டிலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இல், நியாயமற்ற வணிக நடைமுறை என்றால் என்ன என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் 3-ஆவது உட்பிரிவு, ஒரு பொருளின் செலவு முழுவதுமோ ஒரு பகுதியோ வாங்கியவர் கொடுத்த தொகையிலேயே அடங்கியிருக்கும்போது, அது இலவசம் என்ற எண்ணத்தை ஏற்படுத்துவதையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே "கூப்பன் இலவசம்தானே" என்று கடைக்காரர் சொல்லும்போது நாமும் தலையாட்ட வேண்டியதில்லை.

கூப்பன் எத்தனை வகை?

கூப்பன், வவுச்சர், பாயிண்ட், கார்டு என்று பல பெயர்கள் வழங்கினாலும் நம் கைக்கு வருபவை பெரும்பாலும் நான்கு வகைதான். எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, பாயிண்ட் கூப்பன். மேலே சொன்னதுபோல், வாங்கிய பொருளுக்காகக் கடை தருவது. இதற்கென்று தனியாகப் பணம் கொடுப்பதில்லை. கடையின் நிபந்தனைகள் இதற்கு அதிகம்.

இரண்டாவது, பரிசு வவுச்சர். யாரோ ஒருவர் முழுப் பணம் கொடுத்து வாங்கி, கல்யாணத்துக்கோ பிறந்த நாளுக்கோ நமக்குத் தந்தது. இது முன்கூட்டியே செலுத்திய பணம்.

மூன்றாவது, கிரெடிட் நோட். முன்பு ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தபோது பணத்துக்குப் பதிலாகக் கடை எழுதித் தந்தது. இது கடை நமக்குப் பட்ட கடன்.

நான்காவது, சலுகைக் கூப்பன். 3,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 300 ரூபாய் கூப்பன் என்பது போன்றது. ஒரு நிபந்தனையை நிறைவேற்றினால் மட்டுமே இது கிடைக்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்திவிடுகிறேன். ரிசர்வ் வங்கி முன்பணக் கார்டுகளுக்கும் பரிசு வவுச்சர்களுக்கும் 2021-இல் விரிவான உத்தரவு வெளியிட்டது. குறைந்தது ஓராண்டு செல்லுபடி ஆக வேண்டும், அதைக் கொண்டு வாங்கிய பொருள் திரும்பினால் அந்தத் தொகையை அதே கார்டில் உடனே சேர்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் இது பல கடைகளில் செல்லக்கூடிய, ரிசர்வ் வங்கி அனுமதியுடன் வெளியாகும் கார்டுகளுக்கே. ஒரு கடை தன் பொருளை மட்டும் வாங்கத் தன் பெயரில் தரும் வவுச்சருக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தேவையில்லை. "ரிசர்வ் வங்கி விதி இருக்கிறதே" என்று மளிகைக் கடைக் கூப்பனுக்கு வாதாடினால் நம் வாதம் எடுபடாது. அங்கே நமக்குத் துணை நுகர்வோர் சட்டம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொருளைத் திருப்பிக் கொடுப்பதில் இரண்டு நிலைகள் உண்டு. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் கவுண்டரில் சண்டை வருகிறது.

ஒன்று, பொருளில் குறை எதுவும் இல்லை, நமக்குத்தான் மனம் மாறிவிட்டது. நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை, பக்கத்து வீட்டில் இதைவிட நல்லது வாங்கியிருக்கிறார்கள்! இப்படிப்பட்ட நேரத்தில் கடைக்காரர் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கடையின் விதி எதுவோ அதுதான். மாற்றிக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு, பொருளிலேயே குறை. இங்கே நிலைமை தலைகீழ். பிரிவு 2(47)-இன் 8-ஆவது உட்பிரிவு இதைத்தான் பேசுகிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, விலையாகப் பெற்றதைத் திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அந்தக் காலத்துக்குள் தர வேண்டும். ஒன்றும் போடவில்லையென்றால் 30 நாட்களுக்குள் தர வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் "பிகா ஹுவா மால் வாபஸ் நஹீம் ஹோகா" என்று இந்தியிலும், "விக்லேலா மால் பரத் கேத்லா ஜாணார் நாஹீ" என்று மராத்தியிலும் பலகை தொங்கும். விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது என்று அர்த்தம். மனம் மாறியவருக்கு அந்தப் பலகை பதில் சொல்லலாம். மோட்டார் கருகிய மிக்ஸியைக் கொண்டு வந்தவருக்கு அது பதில் ஆகாது.

சரி, கூப்பனில் வாங்கியவர் நுகர்வோரா? சட்டத்தின்படி விலை கொடுத்தவர், கொடுப்பதாகச் சொன்னவர், பாதி கொடுத்து மீதிக்கு வாக்குக் கொடுத்தவர் எல்லோருமே நுகர்வோர்தான். எங்கள் பில்லில் 4,800 ரூபாய் ரொக்கமாகவே போயிருக்கிறது. மீதி 1,200-ஐக் கடையே தன் பில்லில் செலுத்திய தொகையாக வரவு வைத்திருக்கிறது. வாங்கும்போது பணமாக இருந்த கூப்பன், திருப்பித் தரும்போது மட்டும் வெறும் காகிதமாகிவிடுமா? அப்படி ஆக முடியாது என்பதே என் எண்ணம்.

இணையம் மூலம் வீட்டுக்கு மளிகை வரவழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ, சொன்ன நாளைத் தாண்டி வந்தாலோ, திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது.

இப்போது கணக்கு

எவ்வளவு திரும்பி வர வேண்டும்? இதில்தான் பலர் ஏமாறுகிறோம். ஒரே பில்லில் பல பொருள்கள் இருக்கும்போது, கூப்பன் எந்தப் பொருளுக்காகக் கழிந்தது? எல்லாப் பொருளுக்கும், அதனதன் விலைக்கேற்ப என்று கொள்வதே நியாயமான முறை.

எங்கள் பில்லைப் பாருங்கள். மொத்தம் 6,000. அதில் மிக்ஸி 4,500, அதாவது முக்கால் பங்கு. கூப்பன் 1,200-இல் முக்கால் பங்கு 900. ஆகவே மிக்ஸிக்காக நாங்கள் கொடுத்தது கூப்பனில் 900, ரொக்கத்தில் 3,600. மீதிக் கூப்பன் 300 அரிசி பருப்புக்குப் போய்விட்டது. அரிசி பருப்பைத் திருப்பித் தரவில்லை. ஆகவே அந்த 300 வராது.

பொதுவாகச் சொன்னால்: பொருளின் விலையை மொத்த பில்லால் வகுத்து, வருவதைக் கூப்பன் தொகையால் பெருக்குங்கள். அது கூப்பனாகத் திரும்ப வேண்டியது. பொருளின் விலையில் அதைக் கழித்தால் வருவது ரொக்கமாகத் திரும்ப வேண்டியது.

சில கடைகள் கூப்பன் முழுவதையும் ஒரே பொருளின் தலையில் எழுதும். அப்படி எழுதினால் 3,300 ரொக்கமும் 1,200 கூப்பனும் திரும்ப வேண்டும். எந்த முறையானாலும் சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. திரும்பும் ரொக்கத்தையும் கூப்பனையும் கூட்டினால் பொருளின் விலை வர வேண்டும். 3,600-உம் 900-உம் கூட்டினால் 4,500. 3,300-உம் 1,200-உம் கூட்டினாலும் 4,500. கவுண்டர் பையன் சொன்னதோ 3,300-உம் பூஜ்யமும்! கூட்டல் தெரிந்தாலே போதும், 1,200 ரூபாய் எங்கே போயிற்று என்று கேட்டுவிடலாம்.

கூப்பனின் பங்கு கூப்பனாகத்தான் வருமா, ரொக்கமாகக் கேட்கக் கூடாதா? ரயில்வேயில் ஒற்றைப் பாதையில் டோக்கன் முறை ஒன்று உண்டு. ஒரு ஸ்டேஷனில் கருவியிலிருந்து எடுத்த டோக்கனை டிரைவர் கொண்டு போய், அந்தப் பாதைக்குரிய அடுத்த ஸ்டேஷன் கருவியில் போட வேண்டும். அதன்பின்தான் அடுத்த வண்டிக்கு டோக்கன் வெளியே வரும். பக்கத்துப் பாதையின் டோக்கனைப் போட்டால் கருவி ஏற்காது. இதையும் அப்படி நினைத்துக்கொள்ளலாம். அட்டையில் போனது அட்டைக்கு, ரொக்கமாகப் போனது ரொக்கமாக, கூப்பனாகப் போனது கூப்பனாக. இணையத்தில் எடுத்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்தாலும் பணம் கொடுத்த கணக்குக்குத்தானே திரும்பி வருகிறது?

ஆனால் திரும்பி வரும் கூப்பன் உயிரோடு வர வேண்டும். 30-ஆம் தேதி காலாவதியான கூப்பனை 3-ஆம் தேதி கையில் கொடுத்தால் அது எதற்கு உதவும்? கூப்பனைக் காலத்துக்குள் பயன்படுத்தினோம். குறை இருந்தது கடை விற்ற பொருளில். எனவே புதிய தேதி போட்ட கூப்பன் கேட்பது நியாயமே.

கடைக்காரர் பக்கத்து நியாயம்

நம் பக்கத்தை மட்டும் பேசினால் அது கட்டுரை ஆகாது. கடைக்காரரும் சில தொகைகளைக் கழிக்கலாம்.

பொருள் திரும்பினால், அதற்காகக் கிடைத்த பாயிண்டும் திரும்ப வேண்டும். சலுகைக் கூப்பனிலும் அப்படித்தான். 3,200 ரூபாய்க்கு வாங்கி 300 ரூபாய் கூப்பன் பெற்றவர், 800 ரூபாய்ப் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அவர் வாங்கியது 2,400 ஆகிவிடுகிறது. 3,000 என்ற நிபந்தனை நிறைவேறவில்லை. கூப்பனைத் திருப்பிக் கேட்டாலோ, அதைச் செலவழித்திருந்தால் 300-ஐக் கழித்துக்கொண்டாலோ அதில் தவறில்லை. கூப்பனுக்காகவே பொருளை வாங்கி, கூப்பனைச் செலவழித்துவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களால்தான் கடைகள் விதிகளை இறுக்குகின்றன.

பொருளை நாமே கீழே போட்டு உடைத்துவிட்டு, குறை என்று சொல்வதும் கூடாது. இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

கடையில் நடந்தது

3-ஆம் தேதி நானே கிளம்பினேன். பில், அதன் நகல், மிக்ஸி, பெட்டி, உத்தரவாத அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டேன். பில்லின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்திருந்தேன். குறையுள்ள பொருளை 7 நாட்களுக்குள் கொண்டு வரலாம் என்று அதில் போட்டிருந்தது. கூப்பனில் வாங்கிய பொருளுக்கு விலக்கு என்று எங்கேயும் இல்லை.

மேனேஜர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். முதலில் மிக்ஸி கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னார். "பில் உங்கள் கடையுடையது, 7 நாள் என்று எழுதியதும் உங்கள் கடைதான்" என்றேன். அப்போது நானும் ஒரு தவறு செய்தேன். 4,500-உம் ரொக்கமாக வேண்டும் என்று குரலை உயர்த்தினேன். "அங்கிள்ஜி, கூப்பனைப் பணமாகத் தர முடியாது. அதைக் கூப்பனின் பின்னாலேயே எழுதியிருக்கிறோம்" என்று எடுத்துக் காட்டினார். அவர் சொன்னது சரி. பில்லின் பின்பக்கத்தைப் படித்த நான், கூப்பனின் பின்பக்கத்தைப் படிக்காமல் போயிருந்தேன்!

குரலைத் தாழ்த்திக்கொண்டு, காகிதத்தில் முக்கால் பங்குக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவர் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். உள்ளே போய் யாரிடமோ போனில் பேசினார். அரை மணி நேரம் கழித்து, 3,600 ரூபாய் வங்கி அட்டைக்குத் திரும்பும் என்று ரசீது தந்தார். 900 ரூபாய்க்கு 60 நாள் தேதி போட்ட புதிய கூப்பனும் தந்தார். 3,600-க்குக் கிடைத்த 36 பாயிண்டைக் கழித்துக்கொண்டார். கழிக்க வேண்டியதுதானே! பணம் ஐந்தாவது நாள் கணக்கில் வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி சிரித்துவிட்டு ஒன்று சொன்னாள். "நேற்று எனக்கும் அது தப்பென்று தெரிந்தது. ஆனால் பின்னால் வரிசையில் பத்துப் பேர். இந்தியில் வாக்குவாதம் பண்ண வாய் வரவில்லை." இந்த வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. வெளியூரில் பிழைக்க வந்த நம்மில் எத்தனை பேர், முக்கியமாகப் பெண்களும் வயதானவர்களும், மொழிக்குக் கூச்சப்பட்டு நியாயமான பணத்தை விட்டுவிட்டு வருகிறோம்? பணம் 1,200தான். ஆனால் அது ஒரு பெண் 15 மாதம் கணக்குப் பார்த்துச் சேர்த்தது.

கடை கேட்காவிட்டால்?

எல்லா மேனேஜரும் அவரைப் போல் இருக்க மாட்டார்கள். அப்போது என்ன செய்வது?

முதலில், நடந்ததை அரைப் பக்கத்தில் எழுதிக் கடையில் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். வாய்ச் சண்டைக்குச் சாட்சி கிடையாது, காகிதத்துக்கு உண்டு.

அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல செய்தி என்னவென்றால், அங்கே 17 மொழிகளில் பேச வசதி இருக்கிறது. அவற்றில் தமிழும் ஒன்று. கல்யாணில் இருந்துகொண்டு, மும்பைக் கடையைப் பற்றித் தமிழிலேயே புகார் சொல்லலாம். பெரும்பாலான சிறு தகராறுகள் கடைக்கு அவர்கள் மூலம் தகவல் போனதுமே தீரக்கூடியவைதான்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். குறையை நீக்கித் தரவோ, வேறு பொருள் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ, நஷ்டஈடு தரவோ ஆணையம் உத்தரவிடலாம்.

2019 சட்டத்தில் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. முந்தைய 1986 சட்டத்தின்படி எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ, பிரச்சினை நடந்த ஊரிலோதான் மனு கொடுக்க முடியும். இப்போது நாம் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ கொடுக்கலாம். விடுமுறையில் ஊருக்குப் போனபோது மதுரையில் வாங்கிய கிரைண்டருக்கு, கல்யாணில் இருப்பவர் தாணே மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். அதற்காக ரயில் ஏற வேண்டாம். இதை ரயில்வேக்காரனே சொல்கிறேன்!

நினைவில் வைக்க வேண்டியவை

1. பில் இல்லாமல் பொருள் வாங்காதீர்கள். பில் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

2. இப்போதைய பில்கள் சூட்டில் அச்சாகும் காகிதம். வெயிலிலும் அடுப்படியிலும் வைத்தால் எழுத்து மறைந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் போனில் படம் எடுத்து வையுங்கள், அல்லது ஜெராக்ஸ் எடுங்கள்.

3. கூப்பனைக் கொடுப்பதற்கு முன் இரு பக்கமும் படம் எடுங்கள். கொடுத்த பிறகு அது நம் கையில் இருக்காது. நிபந்தனைகளும் அதோடு போய்விடும்.

4. மிக்ஸி, குக்கர் போன்ற விலையுள்ள பொருளுக்குத் தனி பில் போடச் சொல்லுங்கள். கூப்பன் கணக்கில் குழப்பமே வராது.

5. வாங்கிய அன்றே ஓட்டிப் பாருங்கள். பெட்டியைப் பத்து நாளாவது தூக்கிப் போடாதீர்கள். பில்லில் போட்டிருக்கும் நாட்கள் நகர்ந்துகொண்டே இருக்கும்.

6. குக்கர் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு உபயோகக் குக்கருக்கு அது கட்டாயம். முத்திரை இல்லாத குக்கர்களை விற்ற இணையக் கடைகளுக்கு, வாங்கியவர்களின் பணத்தைத் திருப்பித் தரும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் உத்தரவிட்டது. கூப்பனில் சும்மா கிடைக்கிறது என்று தரமில்லாத பொருளை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

7. திரும்பும் ரொக்கம், கூப்பன் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பொருளின் விலை வர வேண்டும்.

8. கூப்பன் திரும்பினால் தேதியைப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கவுண்டரில் இருக்கும் பையனோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவனும் எங்கோ ஒரு கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவன்தான். விதி எழுதியது அவன் அல்ல. மேனேஜரைக் கேளுங்கள், பில்லைக் காட்டுங்கள், கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். உங்கள் குடியிருப்பில் இந்தி பேசத் தயங்கும் தமிழ்ப் பெரியவர் யாராவது கையில் பில்லை வைத்துக்கொண்டு விழித்தால், கூடப் போய் நில்லுங்கள்.

எங்கள் வீட்டு 900 ரூபாய் கூப்பன் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதோடு பணம் சேர்த்து வேறொரு மிக்ஸி வாங்கினோம். இந்தத் தடவை தனி பில். கூப்பனின் பின்பக்கத்தைப் படித்த பிறகுதான் கவுண்டரில் நீட்டினேன்.